டீச்சர் கவுன்சிலராக இருந்த ஐந்து வருஷம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்து, சந்தேகப் பிராணி என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. காலையில் கொஞ்ச நேரம் நானும் போய் உட்காருவேன். ஆணி நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல், போனில் பேசிக்கொண்டே பையை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "தராசப் பாருங்க அண்ணாச்சி. நாங்க ஏமாத்துனா என்ன செய்வீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். சொந்தக் கடையையே நம்பாதே என்று சொல்கிற பெண்பிள்ளையை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

அப்படிப்பட்டவள் நான். ஆகவே அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த அன்றே எனக்குப் பொறி தட்டிவிட்டது. அவர் அப்போது எங்கள் வார்டு கவுன்சிலர். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே சொல்லிவிடுகிறேன், வேறு விதமாகச் சொன்னால் வம்பு. முன்பு ஓட்டுக் கேட்க வந்தபோது கேட்டுக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுப் போனவர், அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

விஷயம் இதுதான். இங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டு இந்தத் தடவை பொது என்றால் அடுத்த தடவை பெண்களுக்கு என்று மாறும். அதற்கடுத்த தடவை மறுபடியும் பொதுவாகும். எங்கள் வார்டு பெண்களுக்குப் போகிற முறை வந்திருந்தது. அண்ணன் நிற்க முடியாது. மனைவியை நிறுத்தலாமென்றால் அந்த அம்மாளுக்குச் சர்க்கார் உத்தியோகம். ஐந்து வருஷத்துக்கு நாற்காலியைக் காத்து வைத்திருந்து, கேட்கும்போது எழுந்து கொடுக்கிற ஒரு பெண் அவருக்கு வேண்டியிருந்தது. இதை அவர் இந்த வார்த்தையில் சொல்லவில்லை. நான்தான் இப்படிப் புரிந்துகொண்டேன்.

அவர் தேடி வந்தது என் நாத்தனாரை. வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணமே வேண்டாமென்று எங்களோடு இருப்பவள். மாடி அறையில் டியூஷன் எடுப்பாள். எங்கள் சந்தில் இருக்கிற தமிழ் வீட்டுப் பிள்ளைகள் முக்கால்வாசியும் அவளிடம் வந்துதான் மலையாளப் பாடமும் கணக்கும் படித்தார்கள். சாயங்காலமானால் எங்கள் கேட்டுக்குள் சின்னச் செருப்புகள் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர். அந்தப் பெயர்தான் அவளுக்குச் சொத்து, சம்பாத்தியம், கௌரவம் எல்லாமே.

"டீச்சரப் போல ஒரு ஆளு இந்த வார்டுல வேற ஆரு உண்டு?" என்றார் அண்ணன். "ஒண்ணும் பயப்படாண்டாம். ஒப்பு போட வேண்டிய எடத்துல ஒப்பு போட்டா மதி. பாக்கியெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம். நான் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தேன். அது மலர்ந்துவிட்டிருந்தது. இத்தனை வயதுவரை யாரும் வீடு தேடி வந்து அவளிடம் எதையும் கேட்டதில்லை. பெண் கேட்டு வந்தவர்கள்கூட என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சர்க்கரை எடுக்க வா என்று சொல்லி அவளை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, இந்த ஆளு செருப்பக் கழத்தி வச்சிட்டு வாராரு. எனக்கு ஒண்ணும் செரியாப் படல்ல."

"மைனி, உங்களுக்குச் செருப்பு போட்டுக்கிட்டு வந்தாலும் செரியாப் படாது" என்று சிரித்தாள் அவள்.

என் வாயை அவள் அடைத்துவிட்டாள்.

தேர்தல் நடந்தது, ஜெயித்தாள். நல்லபடியாகவே ஜெயித்தாள். அந்த நாட்களில் எனக்கு ஒரு ஆச்சரியம், சொன்னால் சிரிப்பீர்கள். அவளிடம் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி இருக்கிறாளே, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே மூன்று தலைமுறையாகிவிட்ட குடும்பம், அவள் வெண்டைக்காய் வாங்கினால் ஒவ்வொன்றாக நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். கடைக்காரன் அழுதுவிடுவான். அவள் சொன்னாள்: "டீச்சருக்குத்தான் எங்க வோட்டு. எங்க இளையவனுக்கு வாய்ப்பாடு படிப்பிச்சது அவங்கல்லா." வாய்ப்பாட்டுக்கும் கவுன்சிலர் வேலைக்கும் என்ன சம்பந்தமென்று நான் கேட்கவில்லை. என் வீட்டுப் பெண்ணுக்கு விழுகிற ஓட்டை நானே கெடுப்பேனா? நானும் சந்தோஷமாகத்தான் பாயசம் வைத்தேன்.

ஜெயித்த வாரம் சந்து முனையில் போர்டு மாற்றினார்கள். வார்டின் பெயர், கவுன்சிலரின் படம், கீழே போன் நம்பர். அண்ணனின் மீசை முகம் இருந்த இடத்தில் என் நாத்தனார், கழுத்தில் முத்துமாலை போட்டுக்கொண்டு கொஞ்சம் பயந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நான் நம்பரைப் பார்த்தேன். அது பழைய நம்பர். படத்தைத்தான் மாற்றியிருந்தார்கள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது கேட்டே விட்டேன். "இது உங்க நம்பர்லா? டீச்சருக்க நம்பரு போடாண்டாமா?"

"சேச்சி, இது ஜனங்களுக்குப் பழகின நம்பராணு" என்றார், கொஞ்சமும் அசராமல். "மாத்தினா கன்ஃப்யூஷன் ஆகும். வாற காரியத்தையெல்லாம் நான் டீச்சர்கிட்ட அப்பப்ப சொல்லிக்கிடுதேன்."

நாத்தனார் எனக்குக் கண்ணைக் காட்டினாள். சும்மா இரு என்று அர்த்தம். வீட்டுக்காரரும், "நம்பர் அடிச்சா ஆராவது எடுத்தாப் போதும், சவத்த விடு" என்றார். விட்டேன். ஆனால் எனக்குள் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் தன் தவணை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் சந்து முழுக்க இன்டர்லாக் கல் பதித்தார். சிவப்பும் சாம்பலுமாகக் கண்ணைப் பறிக்கும். அதற்கு முன்பு சந்து குண்டும் குழியுமாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கல் பதித்து முடித்த அன்று மாலையும் மரியாதையுமாக ஒரு சின்ன விழாவே நடந்தது. எதிர்வீட்டுக்காரி அந்தக் கல்லில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, "மார்பிள் போல இருக்கு அக்கா" என்றாள். நான் மட்டும், சந்தின் தாழ்ந்த முனையில், மழைத் தண்ணீர் இறங்குகிற ஓடையின் வாய் இருந்த இடத்தைத் தேடினேன். காணோம். அதன்மேலும் வரிசையாகக் கல்லைப் பதித்து அழகாக மூடியிருந்தார்கள். வேலை செய்தவனைக் கேட்டதற்கு, வெள்ளம் கல்லுக்கு இடையில் இறங்கிவிடும் என்றான். நானும் இரும்புக் கடைக்காரிதானே, எது எதற்குள் இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்தது. அப்போது கவுன்சிலர் என் நாத்தனார். ஒரு காலை வேளையில் பெய்த மழைக்கே சந்து வாய்க்காலாகிவிட்டது. கடைத்தெருவின் அழுக்கும் சாணியும் அழுகின காய்கறியும் சேர்ந்த நாற்றத் தண்ணீர் தாழ்ந்த வீடுகளின் படியேறி உள்ளே போனது. எதிர்வீட்டுக்காரியின் வீடுதான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது. அவள் அரிசி வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நின்று கத்தினாள்: "டீச்சரே, அண்ணன் இருந்தப்ப ஒரு சொட்டு உள்ள வந்திருக்கா?"

வரவில்லைதான். அண்ணன் காலத்துக் கடைசி வரைக்கும் ஓடைக்கு வாய் இருந்தது. அதை மூடியது யார் என்று நான் அன்றைக்கே விளக்கினேன். கல்லைச் சுட்டிக் காட்டினேன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டியது என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "அதெல்லாம் எனக்கு மனசிலாகல்ல அக்கா. கல்லு வந்தது அவரு காலத்துல. வெள்ளம் வந்தது டீச்சருக்க காலத்துல. அதுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்குள் சாக்கடை வந்து நிற்கிறவளிடம் போய், போன வருஷத்துக் காரணத்தைப் பிடி என்றால் எப்படிப் பிடிப்பாள்? போர்டில் யார் முகம் இருக்கிறதோ அந்த முகத்தைத்தான் பிடிப்பாள். எனக்கு யார்மேல் கோபம் வந்ததென்றால், இது இப்படித்தான் ஆகுமென்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர்மேல். கணக்குப் போட்டாரோ, தானாக அமைந்ததோ, எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கணக்குத்தான் என்று நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. எஞ்சினியரை அழைத்து வந்து காட்டினாள். கல்லைப் பெயர்த்து ஓடையைத் திறந்தால் தீர்ந்தது, பெரிய வேலையில்லை என்று அவர் சொன்னார். அவள் சந்தோஷமாகப் போய் அண்ணனிடம் சொன்னாள். இவள் கவுன்சிலர், அவர் ஒன்றுமே இல்லாதவர். ஆனாலும் போய் அவரிடம்தான் சொன்னாள். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்னட்டி சொன்னாரு?"

"புதுசாப் போட்ட கல்ல நம்மளே பேத்தா நாட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, பார்ட்டிக்குக் கெட்ட பேராயிரும்னு சொல்லுகாரு மைனி. அடுத்த எலக்ஷன் கழியட்டுங்காரு."

"அதுவரைக்கும் கெட்ட பேரு ஆருக்கு?"

அவள் உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்று கத்தினால் என்ன? ஆனால் அவள் கத்திப் பழகியவள் இல்லை. சீட்டுக் கொடுத்து ஜெயிக்க வைத்தவருக்கு எதிராகப் பேசுவது நன்றி கெட்டதனம் என்று அவள் நம்பினாள். அந்த ஆள் அதைத் தெரிந்துகொண்டுதான் எங்கள் வீட்டுப் படியேறியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மழைக்கும் வசவு வந்தது. போனை யாரும் எடுப்பதில்லை என்றார்கள். எடுத்தாலும் ஆபீஸிலிருந்து பேசுவதாக யாரோ ஒரு ஆண் குரல், டீச்சர் மீட்டிங்கில் இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிடுகிறது என்றார்கள். அவள் மீட்டிங்கில் எங்கே இருந்தாள்? மாடியில் என் துணியோடு சேர்த்துத் தன் துணியையும் மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பர் அவளுடையது இல்லை என்று நான் இரண்டொருவரிடம் சொன்னேன். போர்டில் போட்டிருக்கிறதே, அது கவுன்சிலர் ஆபீஸ் நம்பர் அல்லவா என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள். எனக்கே அது புதிதாக இருந்தது. நான் சந்தேகப்பட்டுத்தான் பழக்கம்.

வாசலில் செருப்புகள் குறையத் தொடங்கின. முதலில் எதிர்வீட்டுப் பிள்ளை டியூஷனுக்கு வராமல் நின்றான். டீச்சருக்கு இப்போது நேரமிருக்காது என்று மரியாதையாகச் சொன்னாள் அவன் அம்மா. பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். சிலர் காரணமே சொல்லவில்லை. அவளுடைய தவணையின் கடைசி வருஷத்தில் மாடி அறையில் பாய் விரிப்பதே நின்றுபோனது. டீச்சர் என்று கூப்பிடுகிற குரலும் மாறிவிட்டது. அதே சொல்தான், ஆனால் கிண்டலாக இழுத்துச் சொன்னார்கள். அவள் கடைக்குப் போவதற்குச் சந்தின் மறுமுனை வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். அதைப் பார்த்த அன்று நான் அடுக்களையில் நின்று அழுதேன். இருப்பது ஒரே ஒரு நல்ல பெயர், அதையும் ஒருத்தன் வந்து காப்பி குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டானே என்று அழுதேன்.

மறுபடியும் தேர்தல் வந்தது. வார்டு மறுபடியும் பொது. அண்ணன் வேட்பாளர். எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

"டீச்சர் கூட வரணும்" என்றார். "வீடு வீடாக் கேறும்போது பழைய கவுன்சிலர் கூட இருந்தாத்தான் ஒரு ஐசுவரியம்."

அவள் போவதாகச் சொன்னாள். நான் விடுவேனா? நானும் கிளம்பினேன். வீட்டுக்காரர், "நீ எதுக்கு? நீ என்ன பார்ட்டிக்காரியா?" என்று கேட்டார். காற்று வாங்கப் போகிறேன் என்றேன்.

முதல் வீட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அவளை எதற்கு அழைத்தார் என்று. கும்பிட்டார், நலம் விசாரித்தார், பிறகு அவள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. "டீச்சர் பாவம், வீட்டுல இருந்தவங்க. ஆபீஸ் காரியம் ஒண்ணும் பரிச்சயமில்ல. அவங்களால முடிஞ்சத அவங்க செய்தாங்க. இனி நான் வந்து எல்லாம் செரியாக்கும், அல்லே டீச்சரே?" அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வீட்டிலும் அதே சிரிப்பு, அதே பேச்சு. திட்டுகிற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் பரிதாபம்தான். அந்தப் பரிதாபத்தாலேயே ஐந்து வருஷத்துச் சாக்கடையையும் அவள் தலையில் கொட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட நான் திருப்பிக் கேட்டிருப்பேன். பரிதாபப்படுகிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

எதிர்வீட்டுக்கு வந்தோம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராகவே நின்றாள்.

"அண்ணன் பேசுகது இருக்கட்டும். டீச்சரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? மழைக்காலத்துல நான் எத்தற தடவ விளிச்சேன்! ஒரு தடவையாவது போன் எடுத்தீங்களா?"

என் நாத்தனார் தலையைக் குனிந்துகொள்வாள் என்று நான் நினைத்தேன். அவள் குனியவில்லை. டியூஷனில் பிள்ளைகளைக் கேட்கிற அதே நிதானத்தோடு கேட்டாள்: "எந்த நம்பருக்கு விளிச்சீங்க?"

"போர்டுல போட்டிருக்க நம்பருக்குத்தான். வேற எந்த நம்பருக்கு?"

"இப்ப ஒரு தடவ விளிங்க."

"இப்ப எதுக்கு? நீங்க முன்னாலதான நிக்கிறீங்க?"

"சும்மா விளிங்க."

எதிர்வீட்டுக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டே போனை எடுத்து அழுத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு செண்டை மேளம் கேட்டது. அண்ணனின் வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளே வெளிச்சம் மினுங்கியது. கூட வந்த கட்சிக்காரர்கள், எதிர்வீட்டுக்காரியின் புருஷன், பக்கத்து வீட்டு மதிலில் கையூன்றி நின்றவர்கள் என்று எல்லோரும் அந்தப் பையையே பார்த்தார்கள். செண்டை நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. என் தங்கமே, இப்போதாவது செய்தாயே என்று அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தீர்ந்தார் அண்ணன் என்றே நினைத்தேன்.

அவர் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு!

"கண்டோ சேச்சி? பதவி இல்லாத அஞ்சு வருஷமும் உங்க போனு ஆருக்க நெஞ்சுமேல கிடந்துது? நான் ஆரோடும் பறஞ்சதில்ல. டீச்சருக்குப் பாரமாகாண்டாம்னு நானே சுமந்தேன்."

எதிர்வீட்டுக்காரியின் முகம் இளகியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். "அய்யோ, அண்ணனா இதையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தது!" என்றாள். மதிலோரம் நின்ற ஒருவர், "அதாணு மனுஷன்" என்றார்.

"எடுக்கவே இல்லேன்னு இப்பத்தானட்டி சொன்ன?" என்று நான் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்துக் கத்திவிட்டேன். "அஞ்சு வருஷமா அவர்கிட்டத்தான் இருந்துதுன்னா, எடுக்காதது ஆரு? அதக் கேளுட்டி!"

"அக்கா, நீங்க சும்மா இருங்க. அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றாள் அவள்.

அங்கே நான் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. நாத்தனார்தான் என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தாள்.

அண்ணன் ஜெயித்தார். போன தடவை டீச்சர் ஜெயித்ததைவிட அதிகமாகவே ஜெயித்தார். அதன்பிறகு சில நாள் எனக்குக் கண்ணில் படுகிறவர்கள் எல்லோர்மேலும் சந்தேகம். பால்காரர் போட்டிருப்பாரா, கடையில் நிற்கிறவர் போட்டிருப்பாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். வீட்டுக்காரரையும் விடவில்லை. சாப்பாடு போடும்போது கேட்டேன், "உண்மையச் சொல்லுங்க, ஆருக்குப் போட்டீங்க?" அவர் அதெல்லாம் ரகசியம் என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தார். போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். "சொந்தத் தங்கச்சிக்குச் செய்த துரோகம் இது" என்று ஆரம்பித்தேன்.

"எங்க அண்ணனத் திட்டாதீங்க மைனி" என்றாள் நாத்தனார், மோரை ஊற்றிக்கொண்டே. "நானும் அந்தக் கவுன்சிலருக்குத்தான் போட்டேன்."

எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. "உனக்குக் கிறுக்காட்டி?"

"இல்ல மைனி. யோசிச்சுத்தான் போட்டேன். அவரு தோத்தாருன்னா டீச்சரால தோத்தாருன்னு சொல்லுவாங்க. வேற ஒருத்தர் ஜெயிச்சு வந்தாலும், பழசெல்லாம் டீச்சருக்க காலத்துக் கோளாறுன்னு சொல்லித் தப்பிச்சிருவாரு. எனக்க பேரு போனது போனதுதான். இவரே வரட்டும். இவருக்க மூஞ்சியே போர்டுல இருக்கட்டும். கல்லும் இவருது, நம்பரும் இவருது. இனி மழை வரட்டும்."

இந்த அமைதியான பெண்ணுக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடியதை, எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் சந்தேகப்படவே இல்லை. கணக்கு சரிதான் என்றும் பட்டது. யாரை எப்படிப் பொறுப்பாக்குவது என்று எங்கள் சந்தில் யோசித்து ஓட்டுப் போட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அடுத்த தடவை வார்டு மறுபடியும் பெண்களுக்குப் போகும். அண்ணன் மறுபடியும் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். இப்போதெல்லாம் அவர் எந்த வீட்டுக்குள் எப்படிப் போகிறார் என்று மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

போர்டில் படம் மாறியது. நம்பர் அதேதான். செருப்புகள் திரும்பி வரவில்லை. நாத்தனார் தினமும் சாயங்காலம் மாடி அறையைக் கூட்டி வைப்பாள், பிறகு கதவைச் சாத்திவிட்டு இறங்கி வருவாள். அவள் மழைக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் வெயில் தாங்கவில்லை என்று மழையை எதிர்பார்த்தார்கள். எங்கள் வீட்டில் காரணம் வேறு.

வந்தது. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கல்லும் சாம்பல் கல்லும் மறைந்து, சந்து முழுக்க அதே நாற்றம் பிடித்த கறுப்புத் தண்ணீர். எதிர்வீட்டுக்காரி சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பழக்கதோஷத்தில் எங்கள் கேட்டைப் பார்த்து வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, சந்து முனைப் போர்டைப் பார்த்தாள். என் பக்கத்தில் ஜன்னலோரம் நின்ற நாத்தனாரின் மூச்சே எனக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்காரி போனை எடுத்து, ஒரு கை சேலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, போர்டு நம்பரை அழுத்தினாள்.

எடுத்துவிட்டார். ஜெயித்த புதிது அல்லவா?

"அண்ணே, வெள்ளம் வீட்டுக்குள்ள கேறியாச்சு! நீங்க வந்தா எல்லாம் செரியாகும்னு சொன்னீங்களே?"

மழைச் சத்தத்துக்கு மேலாக அந்தக் குரல் தெளிவாகவே கேட்டது. "சேச்சி, அது கழிஞ்ச அஞ்சு வருஷம் ஆரும் நோக்காமப் போட்டதுக்குப் பலனாணு. டீச்சர் காலத்துக் குழப்பம். ஒண்ணொண்ணாத்தானே செரியாக்க முடியும்? கொஞ்சம் சமயம் தரணும், கேட்டோ?"

எதிர்வீட்டுக்காரி, "அது செரிதான் அண்ணே" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்தில் ஆளைக் காணோம். நாத்தனார் படியிறங்கி, குடையுமில்லாமல், அந்தச் சாக்கடைத் தண்ணீருக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். மறுமுனை வழியாகச் சுற்றிப் போகவில்லை. நேராக எதிர்வீட்டுக்காரியின் முன்னால் போய் நின்று, அவள் கையிலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, டீச்சர் பேசுகேன்." பாடம் சொல்கிற அதே குரல், ஆனால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஓடைக்க வாய மூடிக் கல்லு போட்டது நீங்க. அதத் தெறக்கச் சொன்னப்ப வேண்டாம்னு சொன்னது நீங்க. இந்த போனும் அஞ்சு வருஷமா உங்க கையிலதான். அப்ப அந்த அஞ்சு வருஷம் கவுன்சிலர் ஆரு?"

மதில்களில் தலைகள் தெரிந்தன. எல்லோரும் போனைப் பார்த்தார்கள். அதிலிருந்து மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எதிர்வீட்டுக்காரி போனைத் தூக்கிப் பார்த்தாள், காதில் வைத்தாள், மழைநீரைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "ரேஞ்சு போச்சு போல" என்றாள்.

"போகல்ல" என்றாள் என் நாத்தனார். "வச்சிட்டாரு."

எதிர்வீட்டுக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அந்த நம்பரை மறுபடியும் அழுத்தினாள்.